ஹெவி பேரலா, லைட் கார்பைனா? ஒண்ணு தான் வாங்கப் போறேன்

கேள்வி, பிப்ரவரி 2

20 இன்ச் ஹெவி பேரல் (தடிமனான குழல்) ரைஃபிள் ஒண்ணு, 16 இன்ச் லைட் கார்பைன் (குட்டைக் குழல் ரைஃபிள்) ஒண்ணு, ரெண்டுமே 5.56 மி.மீ. ரவுண்டு தான். ரெண்டையும் கையில எடுத்துப் பாத்துட்டேன். துல்லியம் வேணும்னா ஹெவி பேரல், கார்பைன் எல்லாம் கிட்டத்துல சுடத் தான்னு எல்லாரும் சொல்றாங்க. எடை எனக்கு ஒரு பிரச்சினையே இல்ல, தினமும் ஜிம் போறவன். அப்ப ஹெவி தானே அண்ணே?

பிப்ரவரி 2, இரவு

எடை பிரச்சினை இல்லன்னு சொல்றவங்க பெரும்பாலும் கவுண்டர்ல இருந்து ரெண்டு நிமிஷம் தூக்கிப் பாத்தவங்க தான். ஜிம்முல டம்பெல் தூக்குறது வேற தம்பி, நாலரை கிலோவை முன்கை நீட்டிப் பிடிச்சு ஆடாம நிக்கிறது வேற, அதுலயும் ஸ்கோப், மவுண்ட், பைபாட் (முன்னாடி தாங்குற ரெண்டு கால்), நிரப்பின மேகசின்னு ஒவ்வொண்ணா ஏறினப்புறம் அந்த நாலரை அஞ்சரை ஆகிடும், அதுல கணிசமான பங்கு உங்க முன்கைக்கும் முன்னாடி போய் உக்காந்துக்கும்.

நான் ரெண்டும் வெச்சிருந்தவன், இப்பவும் வெச்சிருக்கேன். ஹெவி பேரல் ரைஃபிளை நடந்து நடந்து சுடுற மேட்ச்சுக்கு ஒருவாட்டி எடுத்துட்டுப் போனேன். காலையில நல்லா தான் இருந்துச்சு. மதியத்துக்கு மேல ஸ்கோருக்கும் என் திறமைக்கும் சம்பந்தமே இல்ல, தோள்பட்டை தான் சுட்டுச்சு.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல துப்பாக்கி எங்க இருக்கும்? மேஜை மேலயா, தரையில பைபாட் மேலயா, இல்ல உங்க கையிலயும் தோள்லயுமா? அது தெரிஞ்சா முக்கால்வாசி முடிவு ஆயிடும்.

பிப்ரவரி 3

பதில் இன்னும் வரல, அதுக்குள்ள மூணு பேர் வந்து ஹெவி ஹெவின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சரி, கணக்கைப் போட்டுருவோம்.

பேரலோட விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும், எடை ரெண்டாவது அடுக்குல தான் ஏறும். 16 மி.மீ. தடிமன் பேரல் ஒண்ணு, 22 மி.மீ. பேரல் ஒண்ணு, ரெண்டும் 40 செ.மீ. நீளம், உள்ள 5.56 ஓட்டை, டேப்பர் எதுவும் இல்லாம ஒரே சீரான குழாய்னு வெச்சுக்குங்க. மெல்லிசு சுமார் 550 கிராம் வரும். தடிசு 1.1 கிலோ. எடை ரெண்டு மடங்கு, ஆனா விறைப்பு 3.6 மடங்கு. இதைப் பாத்துட்டு தான் "இரும்பு போடு, துல்லியம் வரும்"னு சொல்றாங்க, அது பொய் கிடையாது.

ஆனா நீளத்தைப் பத்தி யாருமே பேசல. ஒரு முனையில பிடிச்ச கம்பி எவ்வளவு வளையும்ங்கிறது நீளத்தோட மூணாவது அடுக்கு. 20 இன்ச்சை 16 ஆக்கினா அதே தடிமன்ல வளைவு பாதியாயிடும். அதாவது குட்டைப் பேரல் பிறக்கும்போதே விறைப்பு. 16 மி.மீ. தடிமன்ல 16 இன்ச் பேரலுக்கு இருக்கிற விறைப்பு 20 இன்ச்சுலயும் வேணும்னா கிட்டத்தட்ட 19 மி.மீ. தடிமன் போகணும், எடை 560 கிராம்ல இருந்து ஒரு கிலோவுக்கு ஏறும். அந்த 4 இன்ச்சுக்கு நீங்க கட்டுற வாடகை அரைக்கிலோ.

இன்னொண்ணு, ஸ்டெயின்லெஸ்ஸா குரோம்-மாலியான்னு விறைப்புக்காகச் சண்டை போடாதீங்க. எஃகு எந்த எஃகா இருந்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு தான். தேய்மானம், துரு, செதுக்குற வசதி, இதுல தான் வித்தியாசம்.

பிப்ரவரி 3, கொஞ்சம் கழிச்சு

ஃப்ளூட்டிங் (பேரலோட வெளிப்பக்கம் நீளவாக்குல பள்ளம் வெட்டுறது) பத்தி கேட்டவருக்கு: பள்ளம் வெட்டினதால பேரல் விறைப்பாகுதுன்னு சொல்றது தப்பு. இருந்ததுல இருந்து இரும்பை எடுத்தா விறைப்பு குறையத் தான் செய்யும். அதே எடையில பள்ளம் இல்லாத மெல்லிசு பேரலோட ஒப்பிட்டா தான் ஃப்ளூட் போட்டது ஜெயிக்கும். விளம்பரத்துல இந்த "அதே எடையில"ங்கிறதை மட்டும் விட்டுடுவாங்க.

பிப்ரவரி 5

இப்ப சூடு. இது தான் நிஜமான விஷயம்னு நினைக்கிறேன், விறைப்பு எல்லாம் அடுத்தது.

ஒவ்வொரு ரவுண்டும் பேரலுக்குள்ள ஒரு அளவு வெப்பத்தைக் கொட்டிட்டுப் போகுது. பேரல் ரெண்டு மடங்கு எடைன்னா அதே வெப்பத்துக்கு சராசரி சூடு பாதி தான் ஏறும். ஹெவி பேரல் வாங்குறதுக்கு இதைவிட நேர்மையான காரணம் வேற இல்ல. ஆனா மறுபக்கம் பாருங்க, மேல சொன்ன 16-22 கணக்குல எடை ரெண்டு மடங்கு ஆச்சு, வெளிப்பரப்பு ஆனது 1.4 மடங்கு கூட இல்ல. அதனால சூடு ஏறிட்டா இறங்கவும் அதுக்கேத்த மாதிரி நேரம் எடுக்கும், மெல்லிசை விட ஒண்ணரை மடங்கு நேரம்னு வெச்சுக்கலாம். ரேஞ்ச்ல ஹெவி பேரல்காரங்க போல்ட்டைத் திறந்து வெச்சுட்டு காத்து வாங்க உக்காந்திருக்கிறதைப் பாத்திருப்பீங்க.

அடுத்து, மெல்லிசு பேரல் சூடானா குண்டு இடம் மாறும்னு சொல்றது. எல்லா மெல்லிசும் மாறாது. இரும்புக்குள்ள தங்கியிருக்கிற அழுத்தம் தான் முதல் குற்றவாளி. ரைஃப்ளிங் (உள்ள சுழல் சுழலா வர்ற பள்ளம்) போட்டு, அப்புறம் வெளிய செதுக்கி, அதைச் சரியா அழுத்தம் நீக்காம விட்ட பேரல் சூடானா ஒரு பக்கமா நெளியும். அதே கோளாறு தடிப் பேரலுக்குள்ளயும் இருக்கலாம், அது சூடாக லேட்டாகுறதால உங்களுக்குத் தெரியாம இருக்கும். என்கிட்ட இருக்கிற கார்பைன் ரொம்ப மெல்லிசு, வேகமா ஒரு மேகசின் காலி பண்ணினா கை வைக்க முடியாது, ஆனா குரூப் (பேப்பர்ல குண்டுங்க விழுந்த கூட்டம்) பெருசாகுதே தவிர நடு இடம் நகர மாட்டேங்குது. இன்னொருத்தரோட மெல்லிசு பேரல் ஒண்ணு சுட்டுப் பாத்தேன், அது சூடாக ஆக மேல வலது பக்கமா படி ஏறுற மாதிரி ஏறிட்டே போச்சு. ரெண்டும் ஒரே தடிமன் தான்.

பிப்ரவரி 5, ராத்திரி

சேத்து ஒண்ணு. சூடான பேரல் மேல இருந்து ஆவி மாதிரி காத்து நெளியும், ஸ்கோப்புல இலக்கே ஆடும். நிறையப் பேர் இதைப் பாத்துட்டு "பேரல் வளையுது"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. பேரலுக்கு மேல ஒரு பட்டைத் துணியை நீட்டி மாட்டிட்டு மறுபடி சுட்டுப் பாருங்க. பாதி "பேரல் கோளாறு" அங்கயே சரியாயிடும்.

பிப்ரவரி 6

"குட்டைப் பேரல்னா வேகம் போயிடும்"னு ஒருத்தர் கொஞ்சம் கோபமாவே எழுதியிருக்கார். போகும், யார் இல்லன்னா? அமெரிக்க ராணுவத்தோட 20 இன்ச் எம்16 ரைஃபிளுக்கும் 14.5 இன்ச் எம்4 கார்பைனுக்கும் அதே ரவுண்டுல செகண்டுக்கு 50 மீட்டர் சுமாருக்கு வித்தியாசம். நம்ம தம்பி கேக்குறது 20-க்கும் 16-க்கும், அதனால இன்னும் கம்மி. 100 மீட்டர்ல ஜீரோ பண்ணி (குறி வெச்ச இடத்துலயே குண்டு விழுற மாதிரி ஸ்கோப்பைச் சரிபண்ணி) 300 மீட்டர்ல பேப்பர் சுடுறவனுக்கு இது ஸ்கோப்புல ரெண்டு மூணு கிளிக். திருப்பிட்டு சுட வேண்டியது தான்.

காத்து வீசுறப்ப வேகம் கொஞ்சம் உதவும், தூரம் 500-ஐத் தாண்டினா நல்லாவே உதவும். அங்கயே வாழப் போறீங்கன்னா 20 இன்ச் எடுங்க, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா வேகத்துக்கும் துல்லியத்துக்கும் முடிச்சு போடாதீங்க. குண்டு மெதுவாப் போனா கீழ இறங்கும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இறங்கினா குரூப் குரூப் தான்.

பிப்ரவரி 8

சரித்திரம் கேட்டீங்களேன்னு எழுதுறேன், இந்தச் சண்டை நம்ம ஆரம்பிச்சது இல்ல.

ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கச் சிப்பாய் சுமந்த எம்1 காரண்ட் ரைஃபிள் 4.3 கிலோ. அதே போர்ல வந்த எம்1 கார்பைன் 2.4 கிலோ. லாரி ஓட்டுறவன், மார்ட்டர் ஆளு, ஆபீசர், இவங்களுக்கு பிஸ்டலை விட உருப்படியா ஒண்ணு வேணும்னு செஞ்சது, அறுபது லட்சத்துக்கும் மேல அடிச்சுத் தள்ளினாங்க. ஆனா அதோட எடை பேரலைச் சுரண்டி வந்த எடை இல்ல, ரவுண்டே சின்னது. 7 கிராம் குண்டு, செகண்டுக்கு 600 மீட்டர். காரண்ட் குண்டு அதைவிடக் கனம், 850 மீட்டர் சுமாருக்குப் போகும். சக்தியில பாதி கூட கிடையாது.

சின்ன ரவுண்டு இல்லாம எடையை மட்டும் குறைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு பிரிட்டிஷ் ரைஃபிள் லீ-என்ஃபீல்டு நம்பர் 5 இருக்கு, ஜங்கிள் கார்பைன்னு கூப்பிடுவாங்க. இதுக்கு மூலமான நம்பர் 4 நாலு கிலோவுக்கு மேல, இது 3.2. பேரலை வெட்டி, பேரல்லயும் பாடியிலயும் அங்கங்க சுரண்டி, முன்னாடி கூம்பு மாதிரி ஃப்ளாஷ் ஹைடர் (சுடுறப்ப நுனியில வர்ற தீயை மறைக்கிறது) மாட்டினாங்க. ரவுண்டு மட்டும் அதே முழு .303. உதை பலமாச்சு, அதைத் தாங்க வெச்ச ரப்பர் பேடு ரொம்பச் சின்னது, அது தோள்ல குத்தும். அதுக்கும் மேல ஜீரோ ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுன்னு ஓயாத புகார். 1947-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. தோள்ல மாட்டிட்டு நடக்க அதைவிட அழகான போல்ட் ரைஃபிள் கிடையாதுன்னு பிடிவாதமா சொல்றவங்க இன்னும் இருக்காங்க, நானும் நடக்குறதுக்குன்னா ஒத்துக்குவேன்.

உதைக்கணக்கு சிம்பிள். ரவுண்டு அதேன்னா துப்பாக்கி எடையும் உதையோட சக்தியும் தலைகீழ் விகிதம். பெரிய 7.62 மி.மீ. ரவுண்டுக்கு 3 கிலோவுல 24 ஜூல் சுமாருக்கு வந்தா 4.5 கிலோவுல 16. 5.56-க்கு அதே எடைகள்ல 6-ம் 4-ம். அதனால தான் சொல்றேன், 5.56-ல உதையைக் காரணம் காட்டி ஹெவி வாங்காதீங்க. 7.62-ஆ இருந்தா நானே வாங்குன்னு சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 8, இன்னும் கொஞ்சம்

எம்16ஏ2 கதையும் இதோட சொல்லிடணும், இல்லன்னா தூக்கம் வராது. ஏ1-ல பேரல் மெல்லிசு, மொத்தமே 2.9 கிலோ சுமாருக்கு வரும். 1980-கள்ல ஏ2 வந்தப்ப பேரலைத் தடிசாக்கினாங்க, ஆனா ஹேண்ட்கார்டுக்கு (பேரலைச் சுத்தி முன்கை பிடிக்கிற உறை) வெளிய முன்னாடி இருக்கிற பகுதியை மட்டும். உள்ள இருக்கிற பகுதி மெல்லிசாவே இருந்துச்சு, ஏன்னா எம்203 கிரெனேடு லாஞ்சர் அங்க தான் மாட்டணும்.

இப்ப யோசிங்க. சூடு அதிகமாகுறது சேம்பர் (ரவுண்டு உக்காருற அடிப்பகுதி) பக்கம், கேஸ் போர்ட் (பேரல்ல இருந்து வாயுவை எடுக்குற ஓட்டை) வரைக்கும். விறைப்பு வேணும்னாலும் அடிப்பகுதி தான் தடிசா இருக்கணும். இரும்பைக் கொண்டு போய் சேத்தது நுனியில, கைக்கு அதிகமா பாரம் தெரியுற இடத்துல. இந்த மாத்தமே வளைஞ்ச பேரல் புகார்ல ஆரம்பிச்சது, அந்த வளைவே உள்ள கேஸ் போர்ட் கிட்ட இருந்த செம்புப் பிசிறுல கேஜ் (உள்ள விட்டுப் பாக்குற அளவுக் கம்பி) மாட்டிக்கிட்டதால வந்த குழப்பம்னு பின்னாடி ஒரு விளக்கம் வந்துச்சு.

எம்4ஏ1-ல தான் சரியான இடத்துல தடிமன் போட்டாங்க, ஹேண்ட்கார்டுக்கு அடியில. அதுக்குக் காரணம் துல்லியம் இல்ல, தொடர்ந்து சுடுறப்ப வர்ற சூடு. 2008 ஜூலைல ஆப்கானிஸ்தான்ல வனாட் சண்டையில ஆயுதங்கள் சூடேறி நின்னு போச்சுன்னு வந்த செய்தி அப்ப பெரிய விவாதம். 2014-ல இருந்து அமெரிக்க ஆர்மி எம்4-களை எம்4ஏ1-ஆ மாத்தினப்ப இந்தத் தடிப் பேரலும் கூட வந்துச்சு.

ஆக "ஹெவி பேரல்"னு பெட்டியில எழுதியிருந்தா போதாது தம்பி. ஹேண்ட்கார்டைக் கழட்டி எங்க தடிசா இருக்குன்னு பாருங்க.

பிப்ரவரி 10

இப்ப நானே எனக்கு எதிரா கொஞ்சம் பேசணும், ஏன்னா மேல படிச்சுப் பாத்தா நான் ஏதோ லைட் கார்பைன் ஏஜென்ட் மாதிரி இருக்கு.

நின்னுக்கிட்டு நிதானமா சுடுறப்ப எடை நண்பன். நுனியில கொஞ்சம் கனம் இருந்தா துப்பாக்கி துடிக்காது, மெதுவா ஊசலாடும், அந்த ஊசல் நடுவுக்கு வர்றப்ப டிரிகர் எடுக்கலாம். 2.9 கிலோ கார்பைனைத் தூக்கிப் பிடிச்சா என் நாடித்துடிப்பு ரெட்டிக்கிள்ல (ஸ்கோப்புக்குள்ள இருக்கிற குறிக்கோடு) தெரியுது. ஒலிம்பிக் பாணி ரைஃபிள் எதுவும் இறகு மாதிரி இருக்காது, 10 மீட்டர் ஏர் ரைஃபிளே 5.5 கிலோ வரைக்கும் போகலாம், போறாங்க.

அதே சமயம் பயத்லான் பாருங்க. பனியில சறுக்கிட்டு வந்து, மூச்சு வாங்க வாங்க, 50 மீட்டர்ல .22-ல சுடணும். நின்னு சுடுறப்ப இலக்கு 115 மி.மீ., படுத்து சுடுறப்ப 45 மி.மீ. துப்பாக்கியை முதுகுல சுமந்துட்டே தான் முழுப் பந்தயமும். குறைஞ்சபட்ச எடை 3.5 கிலோன்னு விதி. பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே தான் நிக்கிறாங்க, யாரும் 6 கிலோ தூக்கிட்டு வர்றதில்ல. சுமக்குற வேலையும் சுடுற வேலையும் ஒரே ஆளுக்கு வந்தா மனுஷன் எங்க போய் நிப்பான்ங்கிறதுக்கு இதை விட சுத்தமான பரிசோதனை எனக்குத் தெரியல. அதான் நான் முதல்நாளே கேட்ட கேள்வி, ஷாட்டுக்கு நடுவுல துப்பாக்கி எங்க இருக்கும்.

இன்னும் பதில் வரல.

பிப்ரவரி 11

தம்பி வந்துட்டார். பதில்: "ரெண்டும் தான் அண்ணே." நன்றி.

பிப்ரவரி 11, மாலை

சரி, தம்பி கூடவே ரெண்டு துப்பாக்கியையும் இரவல் வாங்கி சுட்ட பேப்பர் படமும் போட்டிருக்கார். கார்பைன்ல மூணு ஷாட், ஹெவியில மூணு ஷாட், ஹெவி குரூப் கொஞ்சம் சின்னது, அதனால ஹெவி ஜெயிச்சதாம்.

மூணு ஷாட்டை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. அதே துப்பாக்கி, அதே ரவுண்டு, அதே ஆள், மூணு ஷாட் குரூப்போட சராசரி அளவை விட பத்து ஷாட் குரூப் ஒண்ணரை மடங்குக்கு மேல பெருசா வரும், இது வெறும் கணிதம், துப்பாக்கியில எந்தக் கோளாறும் இல்ல. மூணு ஷாட்ல அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் வேணாலும் சாயும். ரெண்டுலயும் பத்து பத்து சுடுங்க, ஒரே ரவுண்டு, ஒரே ஸ்கோப், ரெண்டு தடவை. ஒண்ணு ஆற ஆற விட்டு நிதானமா. இன்னொண்ணு நிறுத்தாம. நிதானமா சுட்டதுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து, நிறுத்தாம சுட்டதுல ஹெவி தெளிவா ஜெயிச்சா, அப்ப நீங்க காசு குடுக்குறது வெப்பத்தைத் தாங்குறதுக்கு. அது உங்களுக்கு வேணுமான்னு அப்ப முடிவு பண்ணலாம்.

இன்னொரு விஷயம், அந்தப் படத்துல கார்பைன்ல ஸ்லிங் (தோள்ல மாட்டுற வார்) இறுக்கிக் கட்டியிருக்கு. ஹேண்ட்கார்டு பேரலைத் தொடுற மாடல் அது. இதைப் பத்தி தனியா எழுதணும்.

பிப்ரவரி 12

ஃப்ரீ ஃப்ளோட். பேரல் பாடியில மட்டும் பிடிச்சிருக்கணும், அதுக்கு முன்னாடி ஹேண்ட்கார்டு எதுவும் அதைத் தொடக்கூடாது. தொட்டா என்ன? பழைய எம்16 மாதிரி ஸ்லிங் கொக்கி முன் சைட் அடியில, அதாவது நேரா பேரல்லயே மாட்டியிருந்தா, ஸ்லிங்கைக் கையில சுத்தி இறுக்கும்போது நீங்க பேரலையே இழுக்குறீங்க. மெல்லிசு பேரல்னா 100 மீட்டர்லயே நல்லா கண்ணுக்குத் தெரியுற அளவு குண்டு கீழ வந்து விழும். சர்வீஸ் ரைஃபிள் மேட்ச் ஆளுங்க வெளிய பாத்தா சாதாரண ஹேண்ட்கார்டு மாதிரி இருக்கிறதுக்குள்ள ஒரு ட்யூபை மறைச்சு ஃப்ளோட் பண்றது இதுக்குத் தான்.

மெல்லிசு பேரலைப் பத்தி வர்ற புகார்ல பெரிய பங்கு இது தான்னு நினைக்கிறேன். பைபாட்ல சாஞ்சு சுட்டா ஒரு இடம், மூட்டை மேல வெச்சா ஒரு இடம், ஸ்லிங் போட்டா ஒரு இடம், கடைசியில பேரல் மெல்லிசுன்னு பழி. ஃப்ளோட் பண்ணின மெல்லிசு பேரல், ஃப்ளோட் பண்ணாத ஹெவி பேரல், ரெண்டுல ஒண்ணு எடுன்னா நான் முதலாவதைத் தான் எடுப்பேன்.

பிப்ரவரி 12, ராத்திரி

சப்ரெசர் (நுனியில மாட்டுற சத்தம் குறைக்கிற குழாய்) கேட்டவருக்கு ஒரே வரி: மெல்லிசு பேரல் நுனியில அரைக்கிலோ தொங்கவிட்டா குண்டு இடம் மாறும், மாட்டி ஒரு ஜீரோ, கழட்டி ஒரு ஜீரோ எழுதி வெச்சுக்குங்க.

பிப்ரவரி 14

இன்னிக்கு வேற வேலை இல்லாததால (தேதியைப் பாத்து யாரும் கேள்வி கேக்க வேணாம்) கேஸ் சிஸ்டம் (சுட்டப்ப வர்ற வாயுவை வெச்சு போல்ட்டைப் பின்னாடி தள்ளுற அமைப்பு) பத்தி எழுதுறேன். இதை யாரும் எடை விவாதத்துல சேக்குறதில்ல, ஆனா கையில தெரியுற வித்தியாசத்துல பெரிய பங்கு இதுக்கு இருக்கு.

20 இன்ச் ரைஃபிள்ல கேஸ் போர்ட் ரொம்ப முன்னாடி இருக்கும். கார்பைன் லெங்த்ல அது சேம்பருக்குக் கிட்ட, அங்க அழுத்தம் அதிகம், போல்ட் வேகமா பின்னாடி வரும், அதிர்வு ஜாஸ்தி, பாகங்களும் சீக்கிரம் தேயும். 20 இன்ச்சை சுட்டுட்டு "ஆஹா, ஹெவி பேரல் எவ்வளவு மெத்துன்னு இருக்கு"ன்னு சொல்றவங்க பாதி சந்தோஷப்படுறது கேஸ் ட்யூப் நீளத்துக்காக. 16 இன்ச்ல மிட் லெங்த் (ரெண்டுக்கும் நடுவான நீளம்) கேஸ் போட்டது கிடைக்கும். தம்பி பாத்த கார்பைன் எதுன்னு சொல்லல, அதைக் கேட்டுப் பாருங்க.

அப்புறம் ஏன் எல்லா கார்பைனும் 16 இன்ச்லயே வந்து நிக்குதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அதுல பெரிய ரகசியம் இல்ல. அமெரிக்காவுல 16 இன்ச்சுக்குக் குறைஞ்ச பேரல் ரைஃபிள்னா 1934 சட்டத்துக்குக் கீழ தனிப் பதிவு, அது தான் பெரிய சந்தை, கம்பெனிங்க அந்தக் கோட்டுல கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. அந்த அளவுக்குப் பின்னாடி வேற தத்துவம் தேடாதீங்க.

பிப்ரவரி 17

தம்பி ஒருவழியா விவரம் சொல்லிட்டார். மாசத்துல பெரும்பாலும் ரேஞ்ச்ல படுத்து சுடுறது, 100-ல இருந்து 300 மீட்டர். அப்பப்ப நண்பர்களோட நடந்து சுடுற மேட்ச், அதுல முட்டி போட்டு, நின்னு, தடுப்பு மேல சாஞ்சுன்னு எல்லாம் வரும். ஒரு ஸ்ட்ரிங்ல (ஒரே தொடரா சுடுறதுல) பத்து ரவுண்டு, அபூர்வமா இருபது.

இதுக்கு என் பதில்: ரெண்டும் வேணாம். நீங்க பாத்த அந்த 20 இன்ச் ஹெவி பேரல் உங்களுக்கு அதிகம், நீங்க பாத்த பென்சில் மாதிரி மெல்லிசு பேரல் கார்பைன் கம்மி. 16 இல்ல 18 இன்ச், ஃப்ரீ ஃப்ளோட், மிட் லெங்த் கேஸ், பாடி பக்கம் தடிசா ஆரம்பிச்சு நுனி வரைக்கும் சீரா மெலிஞ்சு போற பேரல். வெறும் துப்பாக்கி 3.2-ல இருந்து 3.6 கிலோவுக்குள்ள.

எம்27 எடுத்துக்குங்க, அமெரிக்க மரைன்ஸ் மெஷின் கன்னுக்கு மாத்தா கொண்டு வந்தது, 16.5 இன்ச் தடிப் பேரல், காலியா 3.6 கிலோ. அப்புறம் அதையே காலாட்படையில எல்லாருக்கும் குடுக்குற முடிவுக்கு வந்தாங்க. சண்டைக்கான காரணங்கள் நம்ம காரணங்கள் இல்ல, ஆனா ரெண்டு வேலையையும் ஒரே துப்பாக்கி மேல ஏத்தினா எடை எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. மறுபக்கம் ஆர்மி 2022-ல எம்4-க்கு பதிலா 6.8 மி.மீ. ரைஃபிள் ஒண்ணைத் தேர்ந்தெடுத்துச்சு, சப்ரெசரோட 4.4 கிலோ சுமாருக்கு வருது, அங்க முதல் விமர்சனமே எடை தான்.

பிப்ரவரி 17, ஒரு எதிர்ப்புக்கு பதில்

"நடுவுல நிக்கிறது கோழைத்தனம், ஒண்ணைத் தேர்ந்தெடு"ன்னு ஒருத்தர். அய்யா, சரி. நடுத்தரம் கிடைக்கவே கிடைக்காது, கேள்வியில இருக்கிற ரெண்டுல ஒண்ணு தான்னா, தம்பிக்கு கார்பைன். ஏன்னா பத்து ரவுண்டு ஸ்ட்ரிங்குக்கு ஹெவி பேரலோட பெரிய பலம் வேலைக்கே வராது, ஆனா அதோட எடை ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாரமா கூடவே வரும்.

படுத்து மட்டும் சுடுறவரா இருந்தா கண்ணை மூடிட்டு ஹெவி. நாளைக்கே தம்பி மேட்ச் எல்லாம் வேணாம்னு சொன்னா என் பதிலும் மாறும், அதுல எனக்கு வெக்கம் இல்ல. சோவியத் ஏகே-ஆர்பிகே சோடியைப் பாருங்க, ஒண்ணு ரைஃபிள், இன்னொண்ணு லைட் மெஷின் கன், 3.1 கிலோ ஏகேஎம்-க்கு 415 மி.மீ. பேரல், 4.8 கிலோ ஆர்பிகே-வுக்கு 590 மி.மீ., உள்ள இருக்கிற மெக்கானிசம் ஒரே குடும்பம். ஒண்ணை ஓடுறவன் கையில குடுத்தாங்க, இன்னொண்ணை பைபாட் போட்டுப் படுக்குறவன் கையில குடுத்தாங்க. அதுலயும் ஆர்பிகே பேரலைக் கழட்டி மாத்த முடியாது, அதனால அவ்வளவு கனம் இருந்தும் பெல்ட் மெஷின் கன் மாதிரி விடாம அடிக்க முடியாது.

பிப்ரவரி 20

பேரல் ஆயுசு பத்தி: ஹெவி பேரல் ரொம்ப நாள் உழைக்கும்னு நம்பிக்கை இருக்கு. தேயுறது உள்பக்கம், சேம்பருக்கு முன்னாடி இருக்கிற தொண்டைப் பகுதி, அங்க ஒவ்வொரு ரவுண்டுக்கும் தீ பாயுது. வெளிய எவ்வளவு இரும்பு இருக்குன்னு அந்த மேல்தோலுக்குத் தெரியாது. நிதானமா சுடுறவருக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். வேகமா சுட்டுக் காய்ச்சினா மெல்லிசு முதல்ல போகும்.

பிப்ரவரி 23

தம்பி இன்னும் வாங்கல. இப்ப 18 இன்ச் ஒண்ணைப் பாத்து வெச்சிருக்காராம், எடை 3.4 கிலோன்னு பேப்பர்ல போட்டிருக்காம். அது காலித் துப்பாக்கி எடை. ஸ்கோப்பும் மவுண்டும் முக்கால் கிலோ சுலபமா தாண்டும், 30 ரவுண்டு மேகசின் அரைக்கிலோ சுமாருக்கு வரும். பேரல்ல 200 கிராம் மிச்சம் பிடிச்சிட்டு ஒரு கிலோ ஸ்கோப்பை மேல ஏத்தினவங்க கூட்டத்துல நானும் ஒரு ஆளு, அதனால அந்தப் பேச்சை நீட்டல.

பிப்ரவரி 23, மறந்தது

வாங்குறதுக்கு முன்னாடி ட்விஸ்ட் (ரைஃப்ளிங் ஒரு முழுச் சுத்து வர எத்தனை இன்ச் ஆகுதுங்கிறது) பாத்துடுங்க. பேரல் மேலயே குத்தியிருக்கும். பழைய ஏ1 பாணி 1:12 இருந்தா அது 55 கிரெயின் எடையுள்ள லேசான குண்டுக்கு. 1:7 இல்ல 1:8 இருந்தா 77 கிரெயின் வரைக்கும் போகலாம், 300 மீட்டர்ல காத்துல அது தான் உதவும். பேரல் எவ்வளவு தடிசா இருந்தாலும் சரி, 1:12-ல 77 கிரெயினைப் போட்டா குண்டு பல்டி அடிச்சுட்டே போய் பேப்பர்ல பக்கவாட்டுல விழும், நீள நீளமா ஓட்டை. அதைப் படம் எடுத்து இங்க போட்டுட்டு "கார்பைன் வாங்கச் சொன்னது நீங்க தானே"ன்னு என்னைக் கேக்கக் கூடாது.